மழையில் கோழியைத் திறந்துவிடலாமா?

கேள்வி, அக்டோபர் 9

"வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு கோழி இருக்கு. தூறல் விழுந்தாலே கூட்டை அடைச்சிடுறேன். அடைச்சா ஒன்னையொன்னு கொத்திக்குது, திறந்தா நனைஞ்சுக்கிட்டே மேயுது. நனைஞ்சா சளி பிடிக்கும், கழிச்சல் வரும்னு பெரியவங்க சொல்றாங்க. மழையில விடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

அக்டோபர் 9, இரவு

விடலாம்.

ஒரே வார்த்தை கேட்டீர்கள், கொடுத்தாச்சு. இனி நிபந்தனைகள்.

நன்றாக வளர்ந்து, இறகு முழுக்க மூடி, நோய்நொடி இல்லாமல் இருக்கிற கோழிக்கு மழை பெரிய விஷயமே இல்லை. அதன் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் பருவமழைக்கு நடுவே வாழ்ந்து பழகிய பறவை. அதற்கு யாரும் கதவு வைத்துக் கூடு கட்டித் தரவில்லை. ஆனால் அங்கே ஒதுங்கப் புதர் இருந்தது. உங்கள் கொல்லையில் அப்படி ஏதாவது இருக்கிறதா? கூட்டுக் கதவு திறந்திருக்கிறதா? இந்த இரண்டுக்கும் ஆமாம் என்றால், எப்போது ஒதுங்குவது என்று கோழியே முடிவு பண்ணிக்கொள்ளும். நாம் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கதவை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நான் பயப்படுவது மழைக்கு அல்ல. மழை விட்ட பிறகு தரையிலும் கூட்டிலும் தங்கிவிடும் ஈரத்துக்கு. அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், கண்ணைக் கட்டுகிறது.

அக்டோபர் 10, காலை

முதலில் அந்தச் "சளி".

கோழிக்கு வரும் சளி, மூக்கொழுகல், கண் வீக்கம், கர்கர் என்று மூச்சு விடுவது எல்லாம் கிருமியால் வருவது. வானத்திலிருந்து விழும் தண்ணீரில் அது இல்லை. வெள்ளைக்கழிச்சலும் அப்படித்தான். ராணிக்கெட், நியூகேசில் என்று இரண்டு பெயரில் சொல்வார்கள், நோய் ஒன்றுதான். 1926-இல் இங்கிலாந்தின் நியூகேசிலிலும் ஜாவாவிலும் பதிவான வைரஸ் நோய். நோய்க் கோழியின் எச்சம், மூக்குச்சளி, அதை மிதித்துவிட்டு வந்த செருப்பு, புதிதாக வாங்கிவந்து சேர்த்த கோழி, இந்த வழிகளில் வரும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிக்கொண்டால் அது மழையின் வேலை இல்லை, தடுப்பூசி போடாததன் வேலை. குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடுவது, பிறகு வளர வளர அடுத்தடுத்த தவணை. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெரியவர்கள் சொன்னதை அப்படியே தள்ளவும் மாட்டேன். மைக்கோபிளாஸ்மா மாதிரிக் கிருமிகள் கோழிக்குள் சத்தமில்லாமல் இருக்கும். குளிர், ஈரம், பட்டினி, இடமாற்றம் என்று ஏதாவது ஒன்றில் கோழி தளர்ந்ததும் தலைகாட்டும். மழை பெய்ததும் சளி பிடித்ததைத்தான் அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பார்த்தது சரி, காரணம்தான் வேறு.

அக்டோபர் 10, மாலை

"நனைந்தால் எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை" என்று கேட்டவருக்கு.

வெளியே நனைந்ததைப் பார்க்காதீர்கள். கோழியைப் பிடித்து நெஞ்சு இறகை ஊதிப் பிரித்து உள்ளே விரலை வையுங்கள். உள் தூவி பொசுபொசுவென்று காய்ந்து, தோல் சூடாக இருந்தால் இறக்கி விட்டுவிடலாம், அது ஒன்றும் நனையவில்லை. தோலில் ஈரம் தட்டினால், தூவி ஒட்டிக் கயிறு கயிறாகத் திரிந்திருந்தால், அதுதான் நனைந்த கோழி. கோழியின் உடம்பு ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ் சூடு. அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பது தூவிக்குள் அடைபட்டிருக்கும் காற்று. அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் சூடு போய்விடும். அதன் மேல் காற்றும் வீசினால் இன்னும் வேகமாகப் போகும்.

இறகு தண்ணீரைத் தடுப்பது பாதி அமைப்பால். ஒவ்வொரு இறகிலும் நுண்ணிய கொக்கிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, வெளி இறகுகள் ஓடு வேய்ந்த கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மீதி எண்ணெய். வாலுக்கு மேலே, முதுகு முடியும் இடத்தில் ஒரு சிறு முளை மாதிரிச் சுரப்பி இருக்கிறது. கோழி அலகால் அதைத் தேய்த்து எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கொள்வதை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். வாத்துக்கு அந்தச் சுரப்பி பெரிது. வாத்து நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தும் காய்ந்தே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கோழி அந்த அளவுக்கு இல்லை. தூறலைத் தாங்கும், கொஞ்ச நேரம் கொட்டுவதையும் தாங்கும். மணிக்கணக்கில் கொட்டுவதைத் தாங்காது.

மழையில் நிற்கும் கோழியைக் கவனித்திருக்கிறீர்களா? உடம்பை நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி, கழுத்தை உள்ளே இழுத்து நிற்கும். தண்ணீர் முதுகு வழியே வழிந்து வாலில் இறங்கிவிடும். பார்க்க உலகத்தையே வெறுத்த மாதிரி இருந்தாலும், அது தவித்து நிற்கவில்லை. தெரிந்துதான் நிற்கிறது.

அக்டோபர் 10, பத்து நிமிடம் கழித்து

சேவல் இதில் சேர்த்தி இல்லை. நனைந்த வாலை இழுத்துக்கொண்டு, அதே வீறாப்போடு கூவும். கௌரவம் போனது அதற்கு மட்டும் தெரியாது.

அக்டோபர் 11

மேலே எழுதிய "விடலாம்" என்பதைக் குஞ்சுகளுக்கும் சேர்த்துச் சிலர் படித்திருக்கிறார்கள். "வளர்ந்த, இறகு முழுக்க மூடிய" என்று எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

குஞ்சின் மேல் இருப்பது இறகே இல்லை, பஞ்சு. தண்ணீர் பட்டால் உடனே உறிஞ்சும். முதல் வாரத்தில் அதற்கு 35 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். ஆறு வாரம் வாக்கில்தான் இறகு மூடும். அதுவரை மழையில் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"தாய்க்கோழி பார்த்துக்கொள்ளுமே" என்பார்கள். பார்த்துக்கொள்ளும், அதுதான் சிக்கல். மழை வந்ததும் சில கோழிகள் கூட்டுக்கு ஓடாமல், நின்ற இடத்திலேயே சிறகை விரித்து உட்கார்ந்து குஞ்சுகளை உள்ளே வாங்கிக்கொள்ளும். மேலே ஒரு சொட்டு இறங்காது. ஆனால் கீழே தரையில் தண்ணீர் ஓடும். தாய் அசையாமல் உட்கார்ந்திருக்க, அடியில் குஞ்சுகள் வயிறு நனைந்து விறைத்துப்போகும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். குஞ்சோடு இருக்கும் கோழியை மழைக்காலம் முழுக்க மேடான, காய்ந்த இடத்தில் பஞ்சாரத்துக்குள் வைப்பதுதான் என் வழக்கம்.

விறைத்த குஞ்சு கிடைத்தால்: துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சூடு தரும் குண்டு பல்புக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். கண் திறந்து, தலை நிமிர்ந்து நிற்கிற வரை வாயில் தண்ணீரோ தீனியோ ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். செத்துவிட்டது என்று ஒதுக்கி வைத்தது சூடு பட்டதும் கீச்சிட்டதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சீக்கிரம் கைவிட வேண்டாம்.

அக்டோபர் 13

இப்போது ஈரம்.

மழை வந்ததும் எல்லாரும் செய்வது, தார்ப்பாய் வாங்கிக் கூட்டை நாலு பக்கமும் சுற்றிக் கட்டுவது. சாரல் வராது, சரி. காற்றும் வராதே. உள்ளே அத்தனை கோழி விடும் மூச்சின் ஈரம், எச்சத்தின் ஈரம் எங்கே போகும்? எச்சம் ஈரத்தில் ஊறினால் அமோனியா கிளம்பும். கூட்டுக்குள் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், நம்மைவிட எவ்வளவோ தாழ்ந்த உயரத்தில் இரவெல்லாம் அதை முகர்ந்துகொண்டிருக்கும் கோழிக்கு எப்படி இருக்கும்? கண் புண்ணாகும், மூச்சுக்குழாயின் உள்தோல் கெடும், பிறகு அந்தக் கிருமி நுழைய வழி கிடைக்கும். "மழையில் சளி" என்று சொல்வதில் பாதி, மழைக்குப் பயந்து அடைத்து வைத்ததால் வந்த சளி.

சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் மறையுங்கள். கூரையை ஒட்டி மேலே ஒரு சாண் இடைவெளி விட்டே ஆக வேண்டும். கோழி ஏறி உட்காரும் கட்டைக்கு மேலே காற்று போகட்டும், கோழியின் மேல் அடிக்க வேண்டாம்.

ஆழ்கூளம், அதாவது தரையில் கனமாகப் பரப்பிய உமியோ மரத்தூளோ, போட்டிருப்பவர்கள் கையால் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது. ஒட்டவே இல்லை, தூசி பறக்கிறது என்றால் ரொம்பக் காய்ந்திருக்கிறது, அதுவும் நல்லதில்லை. உருண்டை நின்றால் அந்த இடத்தை வெட்டி எடுத்து, காய்ந்த உமியோ மரத்தூளோ போட்டு மொத்தத்தையும் கிளறிவிடுங்கள். மழைக்காலத்தில் தினமும் கிளற வேண்டும். பாதி ஈரம் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான் இருக்கும். தொட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்தால் சிந்துவது குறையும்.

அக்டோபர் 13, அதே இரவு

தீவனத்தை மறந்துவிட்டேன். தொட்டியில் நனைந்த தீவனத்தைக் காயவைத்துத் திரும்பப் போடும் சிக்கனம் வேண்டவே வேண்டாம். ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது ஈரலைத் தின்றுவிடும். காயவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. மூட்டையைத் தரையிலும் வைக்க வேண்டாம், சுவரில் சாய்த்தும் வைக்க வேண்டாம். கட்டை போட்டு அதன் மேல் வையுங்கள்.

அக்டோபர் 16

"இரத்தமாகக் கழிகிறது, ஒரு மாதக் குஞ்சுகள், மழை விட்டு ஒரு வாரம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அது பெரும்பாலும் காக்சிடியோசிஸ், இரத்தக்கழிச்சல். ஐமீரியா என்ற ஒட்டுண்ணி. எச்சத்தில் அதன் முட்டை மாதிரியான கூடுகள் வெளியே வரும்போது அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஈரம், சூடு, காற்று மூன்றும் கிடைத்தால் ஓரிரண்டு நாளில் பக்குவமாகி, தின்கிற குஞ்சைப் பிடித்துக்கொள்ளும். குடலுக்குள் போய்ப் பெருகி, நாலிலிருந்து ஏழு நாளுக்குள் அடுத்த தலைமுறை எச்சத்தில் வந்துவிடும். மழை விட்டு ஒரு வாரத்தில் நோய் தெரிவதன் கணக்கு இதுதான். மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரையான குஞ்சுகள்தான் அதிகம் மாட்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தப்பித்த பெரிய கோழிக்கு எதிர்ப்பு வந்திருக்கும்.

குறுகி நிற்கும், சிறகு தொங்கும், இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடும். இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வழக்கமாக ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். கவனிக்க வேண்டியது: அந்த மருந்து வேலை செய்வதே பி1 வைட்டமினின் வழியை மறித்துத்தான். தெம்புக்கு என்று வைட்டமின் டானிக்கையும் அதே தண்ணீரில் கலந்தால் மருந்து வீண். மருந்து முடிந்த பிறகு வைட்டமின் கொடுங்கள். மருந்துத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் கிடைக்கக் கூடாது, அதனால் வெளியே விடக் கூடாது. கோழிக்குச் சுத்தமான தொட்டித் தண்ணீரைவிடக் குட்டைத் தண்ணீர்தான் எப்போதும் ருசி.

கிருமிநாசினி தெளித்தால் போகுமா என்றால், சாதாரணமாக நாம் தெளிக்கும் பலவற்றுக்கு அந்த ஒட்டுண்ணிக் கூடு அசையாது. காய்ந்த தரையும் வெயிலும்தான் அதைக் கொல்லும். மறுபடியும் ஈரத்துக்கே வந்து நிற்கிறோம்.

அக்டோபர் 17

முதல் கேள்வியில் "அடைத்தால் கொத்திக்கொள்கின்றன" என்பதை எல்லாரும் தாண்டிப் போய்விட்டோம், நானும்தான்.

தினமும் மேய்ந்த கோழியைத் திடீரென்று அடைத்தால் அது எதையாவது கொத்தியே தீரும். தரை இல்லையென்றால் பக்கத்துக் கோழியின் வால். கீரையையோ முட்டைகோஸையோ கட்டித் தொங்கவிடுங்கள், எட்டி எட்டிக் கொத்தட்டும். தீனியை ஒரே தொட்டியில் வைக்காமல் இரண்டு மூலையில் வையுங்கள், அடிவாங்கும் கோழிக்கும் ஒரு வாய் கிடைக்கும். கொஞ்சம் தானியத்தைக் கூளத்தில் தூவிவிட்டால் அவையே கிளறிக்கொடுக்கும், உங்களுக்கு ஒரு வேலை மிச்சம். இரத்தம் வந்த கோழியை உடனே தனியே எடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது.

இதைவிட நல்ல வழி, கூட்டை ஒட்டிக் கூரை மட்டும் போட்ட ஒரு திறந்த இடம். நாலு கம்பு, மேலே தகடு, கீழே காய்ந்த மணல். மழை நாளில் பாதிப் பொழுது அங்கேதான் கழிக்கும். மணலோடு கொஞ்சம் சாம்பலும் கலந்தால் புழுதிக் குளியலும் அங்கேயே. மழைக்காலத்தில் பேனும் செள்ளும் பெருகுவதற்கு ஒரு காரணம் கோழிக்குப் புரள்வதற்குக் காய்ந்த மண் கிடைக்காததுதான்.

அக்டோபர் 18

மழை விட்டதும் வெளியே பாய்வது எதற்கென்று தெரியுமல்லவா? மண்புழு. சாயங்காலம் ஈசல் கிளம்பினால் கேட்கவே வேண்டாம், விளக்கடியில் கல்யாண வீடு. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை பந்தாகப் புடைக்கிற வரை தின்னும். ஈசலால் கெடுதல் இல்லை, காலையில் பை தட்டையாகி இருந்தால் செரித்துவிட்டது. காலையிலும் பை கல்லாகவோ, பிசுபிசுவென்று புளித்த வாடையோடோ இருந்தால்தான் கவலை. அது பெரும்பாலும் நீளமான ஈரப் புல்லால் அடைத்திருக்கும்.

மண்புழுவில் ஒரு சங்கடம் உண்டு. கொக்கிப்புழு, மூச்சுக்குழாய்ப் புழு என்று... இல்லை, கொக்கிப்புழுவை விடுங்கள், அது கோழிக் கதை இல்லை. மூச்சுக்குழாய்ப் புழு, குருட்டுக்குடல் புழு, முடி மாதிரி மெல்லிய கேப்பிலேரியா, இவையெல்லாம் மண்புழுவுக்குள் காத்திருந்து கோழிக்குள் வரக்கூடியவை. அதற்காக மண்புழு தின்னவிடாமல் காவலா இருக்க முடியும்? மழைக்கு முன்னும் பின்னும் எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்து, தேவைப்பட்டால் குடற்புழு மருந்து. கோழி வாயைத் திறந்து திறந்து கழுத்தை நீட்டினால் எல்லாம் சளி என்று நினைக்காதீர்கள், மூச்சுக்குழாய்ப் புழுவும் அப்படித்தான் காட்டும்.

அக்டோபர் 20

சில்க்கி வகைக் கோழி வளர்ப்பவர் கோபமாக எழுதியிருக்கிறார், "என் கோழிகள் தொப்பலாக நனைந்தும் உள்ளே வரவில்லை, அதுவே முடிவு பண்ணிக்கொள்ளும் என்றீர்களே" என்று.

சில்க்கிக்கு அந்தக் கொக்கிகள் இல்லை. அதன் இறகு மாட்டிக்கொள்ளாமல் உரோமம் போல விரிந்து கிடக்கும், தண்ணீர் நேராகத் தோலுக்குப் போகும். தலையில் இறகுக் கொண்டை பெரிதாக உள்ள போலிஷ் வகைக்கு அந்த இறகு நனைந்தால் கண்ணை மறைத்துவிடும், வழியே தெரியாது. காலில் இறகு உள்ளவை சேற்றைச் சுமந்துகொண்டு திரியும். இறகு உதிர்த்துப் புதிது முளைவிடும் காலத்தில் எந்தக் கோழிக்கும் இதே கதிதான். இவற்றை மழைக்கு முன்பே நீங்கள்தான் உள்ளே தள்ள வேண்டும். சாயங்காலம் எது நனைந்திருந்தாலும் துடைத்துக் காயவைத்தே கட்டையில் ஏற்றுங்கள். பகலில் நனைவதைவிட இரவில் நனைந்தே தூங்குவது மோசம்.

அக்டோபர் 20, மீண்டும்

சேறு: கால் இடுக்கில் சேறு உருண்டு கெட்டியானால் இழுக்காதீர்கள், நகம் பிய்ந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு உதிருங்கள். பாதத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஈரத்தில் ஊறிய தோலில் சின்னக் கீறல் விழுந்தாலே போதும், ஸ்டாபிலோகாக்கஸ் என்ற கிருமி புகுந்து வீங்கி நடுவில் கறுப்புப் பொருக்கு கட்டும். கூட்டு வாசலில் மரச் சில்லோ சரளையோ கொட்டினால் இந்த வேலை பாதி மிச்சம்.

அக்டோபர் 23

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் பருப்பருவாக வந்தால் அம்மை. மழை நின்று குட்டை தேங்கி, கொசு பெருகிய பிறகு வரும், பெரும்பாலும் கொசுதான் பரப்பும். மனிதருக்கு வரும் அம்மையோடு இதற்குச் சம்பந்தமில்லை, தைரியமாகத் தொட்டு மருந்து போடலாம். பருவைக் கிள்ள வேண்டாம், தானே காய்ந்து உதிரும். தடுப்பூசியை இறக்கைத் தோலில் குத்துவார்கள், அதைக் கொசு வருவதற்கு முன்பே போட வேண்டும்.

அக்டோபர் 26

இடிக்கு அடை முட்டை கெடுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இடிச் சத்தத்தில் கரு சாகும் என்று நான் நம்பவில்லை. மழைக்காலத்தில் முட்டை கூமுட்டையாவதற்கு வேறு காரணங்கள் போதும். பயந்த கோழி அடையை விட்டு எழுந்து நெடுநேரம் போய்விடலாம். அடைக்கூடு ஒழுகலாம். சேற்றுக் காலோடு ஏறிய கோழி முட்டையில் கிருமியைப் பூசலாம். காற்றே ஈரமாக இருப்பதும் ஒரு காரணம்தான். 21 நாளில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 12, 13 பங்கு நீராக இழக்க வேண்டும். இழக்காவிட்டால் உள்ளே காற்றறை சிறுத்து, ஓட்டை உடைக்கும் கட்டத்தில் குஞ்சு மூச்சுத் திணறிப்போகும். இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் தண்ணீர்த் தட்டைக் குறையுங்கள்.

அக்டோபர் 27

கடைசியாகக் கேட்டவருக்கு: சேறு பட்ட முட்டையைக் கழுவலாமா? முடிந்தவரை கழுவாதீர்கள். ஓட்டின் மேல் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு உண்டு, அதுதான் ஆயிரக்கணக்கான நுண்துளைகளை அடைத்து வைத்திருக்கிறது. காய்ந்த அழுக்கை உலர்ந்த துணியால் தேய்த்து எடுங்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் முட்டையைவிடச் சற்றுச் சூடான தண்ணீரில் சீக்கிரம் கழுவி உடனே துடையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே சுருங்கி, வெளி அழுக்கைத் துளை வழியாக இழுத்துக்கொள்ளும். கழுவியதைக் குளிர்பெட்டியில் வைத்து முதலில் அதைச் சமைத்து முடியுங்கள். அடைக்கு வைக்க அது வேண்டாம், சுத்தமாகக் கிடைத்ததை வையுங்கள்.